நிற்கிற வேலை

நாற்பதைத் தொடப்போகிற ஒருத்தியை வீட்டில் இன்னும் பாப்பா என்றே கூப்பிடுகிறார்கள் என்றால், அதில் செல்லம் எவ்வளவு, சிறை எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். இந்தப் பாப்பாவின் விஷயத்தில் அந்தக் கஷ்டமும் இல்லை. முழுக்க முழுக்கச் சிறைதான். மெத்தை போட்ட சிறை, அவ்வளவுதான் வித்தியாசம்.

வீடு மூன்றாவது மாடியில். ஒரு கூடம், இரண்டு அறைகள், ஒரு சமையலறை, துணி உலர்த்த ஒரு பால்கனி. அந்தச் சின்ன வீட்டில் கிடக்கும் நாற்காலிகளை வைத்துப் பொதுக்கூட்டமே நடத்தலாம். சமையலறை வாசலில் ஒன்று, பால்கனியில் ஒன்று, துணி அலமாரிக்குப் பக்கத்தில் ஒன்று, குளியலறைக்குப் போகிற வழியில் எல்லோர் காலையும் பதம் பார்க்கிற மாதிரி ஒரு ஸ்டூல். எல்லாம் பாப்பாவின் அண்ணன் வாங்கிப் போட்டவை. தங்கைக்கு எந்த இடத்தில் தலை சுற்றினாலும் இரண்டு எட்டுக்குள் உட்கார இடம் இருக்க வேண்டும் என்பது அவர் ஏற்பாடு.

குளியலறைக் கதவின் தாழ்ப்பாளை ஒரு விடுமுறை நாளில் அவரே உட்கார்ந்து கழற்றினார். உள்ளே மயங்கி விழுந்துவிட்டால் கதவை உடைத்துக்கொண்டிருக்க நேரம் இருக்காதாம். அன்றிலிருந்து பாப்பா குளிக்கும்போது ஏதாவது ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பாட்டு நின்றால் வெளியே இருந்து, "பாப்பா?" என்று குரல் வரும். முகத்துக்குச் சோப்புப் போடும்போதுகூட மூக்காலாவது முனகியாக வேண்டும். பாட்டு என்பது சுட்டுப் போட்டாலும் வராத ஒருத்தி, இத்தனை வருடமாகத் தினமும் காலையில் கச்சேரி செய்துகொண்டிருந்தாள்.

மாடிப்படி இறங்கினால் அண்ணன் அவளுக்கு ஒரு படி முன்னால் இறங்குவார், பக்கவாட்டில் திரும்பியபடி. விழுந்தால் தன் மேல் விழட்டும் என்று. அவர் முழங்காலே தேய்ந்துபோன முழங்கால். இவள் நிஜமாகவே விழுந்திருந்தால் இரண்டு பேரும் தரைத்தளத்துக்குத்தான் போய்ச் சேர்ந்திருப்பார்கள். ஆனால் அதையெல்லாம் அவர் யோசித்ததில்லை. அடுப்பைத் தனியாகப் பற்றவைக்கக் கூடாது, மொட்டை மாடிக்குப் போகக் கூடாது, பேருந்தில் படிக்குப் பக்கத்து இருக்கை கூடாது. கூடாது என்று அவர் அதட்டிச் சொன்னதே கிடையாது. கெஞ்சித்தான் சொல்வார். அதட்டினால் எதிர்த்து நிற்கலாம், கெஞ்சுகிறவரை என்ன செய்வது.

அண்ணனைப் பற்றித் தப்பாக நினைத்துவிடக் கூடாது, தங்கமான மனிதர். ஒரு பெரிய மருந்துக்கடையில் வாலிபத்திலிருந்து கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவர். வெள்ளைக் கோட்டுப் போட்டிருப்பதால் பாதிப் பேர் அவரை டாக்டர் என்றே கூப்பிடுவார்கள். அவரும் பாதி நம்பிவிட்டார். தோள்பையில் எப்போதும் ஒரு தண்ணீர்ப் புட்டியும் ஒரு சர்க்கரைப் பொட்டலமும் இருக்கும். தனக்கு இல்லை, தங்கைக்கு. அதே கடைக்காரர்கள் வேறு ஊரில் கிளை திறந்தபோது, நீதான் அங்கே மேலாளர், வீடும் தருகிறோம் என்று அவரை அழைத்தார்கள். பாப்பாவின் உடம்பைத் தெரிந்த டாக்டர்கள் இங்கேதான் இருக்கிறார்கள் என்று சொல்லி அவர் போகவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே அவர் எடுத்ததில்லை. தியாகம் செய்கிறவர்கள் அதை அடிக்கடி சொல்லிக் காட்டினாலாவது நமக்குக் கொஞ்சம் கோபப்பட இடம் கிடைக்கும். இவர் அந்த உதவியைக்கூடச் செய்யவில்லை.

இதில் ஒரே ஒரு சங்கடம். பாப்பாவுக்கு மயக்கமே கிடையாது.

அது தொடங்கிய விதம் இப்படி. கல்யாணமாகிக் கொஞ்ச காலத்திலேயே புருஷனை ஒரு சாலை விபத்தில் பறிகொடுத்துவிட்டு, ஒரு பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தவள் அவள். வந்த புதிதில் உறவுக்காரர் ஒருவரின் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனார்கள். போன இடத்தில் ஆள் மாற்றி ஆள் அவள் கன்னத்தைத் தடவி, இந்த வயசிலயா என்று உச்சுக் கொட்டினார்கள். நாலாவது உச்சில் அவளுக்குத் தாங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பக்கத்திலிருந்த நாற்காலியில் சாய்ந்துவிட்டாள். மயக்கம் என்று யாரோ கத்தினார்கள். அண்ணன் ஓடிவந்து அவளை அள்ளிக்கொண்டு வண்டி பிடித்து வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் என்ன நிம்மதி என்கிறீர்கள். அடுத்த விசேஷத்துக்குக் கிளம்பச் சொன்னபோது, கண்ணாடி முன்னால் நின்று அவள் யோசித்தாள். அந்த முறை தெரிந்தே சாய்ந்தாள்.

அதற்குப் பிறகு கை வந்த கலையாகிவிட்டது. அவளை மறுபடியும் கட்டிவைக்க ஒரு மாப்பிள்ளையைக் கூட்டிவந்தார்கள். வந்தவர் உட்கார்ந்த கையோடு, முதல் மனைவிக்குச் சமையல் வராது என்பதை ஒரு குற்றப்பத்திரிகை போல வாசித்தார். பாப்பா தட்டை மேசை மேல் பத்திரமாக வைத்துவிட்டு, சோபாவில் மயங்கினாள். மாப்பிள்ளை அதோடு தலைதெறிக்க ஓடியவர்தான். அண்ணன் அவளை டாக்டர் டாக்டராகக் கூட்டிக்கொண்டு அலைந்தார். எல்லாப் பரிசோதனையும் சரியாக இருக்கிறது என்றார்கள். சரியாக இருக்கிறது என்றால் எதுவோ பிடிபடவில்லை என்று அர்த்தம் என்று அண்ணன் எடுத்துக்கொண்டார். கடையிலிருந்து சத்து மருந்து கொண்டுவந்தார். பாப்பா அதைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றினாள்.

நடிப்பதை அவள் நிறுத்தியே எவ்வளவோ காலம் ஆகிறது. நிறுத்தி என்ன பிரயோஜனம். அவளுக்குப் பதிலாக அண்ணன் அந்த மயக்கத்தை எடுத்து வளர்க்கத் தொடங்கிவிட்டார். யாராவது அழைத்தால், அவளுக்கு மயக்கம் வரும் என்று அவரே சொல்லிவிடுவார். வேலைக்கு அனுப்பலாமே என்று கேட்டால் அதே பதில்தான். ஒருநாள் அவள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "அண்ணா, இப்பல்லாம் எனக்கு மயக்கமே வர்றதில்ல," என்று சொல்லிப் பார்த்தாள். அண்ணனின் முகம் வெளுத்துவிட்டது.

"அதாம்மா எனக்குப் பயமா இருக்கு," என்றார். "வராம வராம இருந்து ஒரு நாள் பெருசா வரும்."

அன்றைக்கே சமையலறை வாசலுக்கு ஒரு நாற்காலி வந்து சேர்ந்தது. அதற்கு மேல் அவளால் வாயைத் திறக்க முடியவில்லை. நான் நடித்தேன் என்று இப்போது சொன்னால், இந்த மனிதர் வேண்டாம் என்று விட்டுவிட்ட அந்தக் கிளையை, வீட்டை, இத்தனை வருடத்தை யார் திருப்பிக் கொடுப்பது? அவர் காவல் காத்த பெட்டியில் ஒன்றுமே இருந்ததில்லை என்று அவரிடம் எந்த வாயால் சொல்வது? சொல்லாமல் இருப்பதற்கு அவள் கொடுத்த விலை, காய் நறுக்குவது, துணி மடிப்பது, நாற்காலியிலிருந்து நாற்காலிக்கு மாறுவது. கிழவியாகும் வரை இப்படியே உட்கார்ந்திருந்து, உட்கார்ந்தபடியே செத்துப்போவோம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு மூச்சு முட்டியது.

வீட்டில் இந்த நாடகத்தை அறிந்தவள் ஒருத்தி இருந்தாள். அண்ணி. முதல் நாளிலிருந்தே அறிந்தவள். வாய் திறந்து எதுவும் சொன்னதில்லை, ஆனால் பாப்பா உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்குக் கீழே பெருக்கும்போது, "மகாராணி கொஞ்சம் காலைத் தூக்கினா நல்லா இருக்கும்," என்பாள். ஒருமுறை பாப்பாவே கேட்டுவிட்டாள், தெரிந்தும் ஏன் அண்ணனிடம் சொல்லவில்லை என்று. அண்ணி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள்.

"உங்க அண்ணனுக்கு யாரையாவது பாத்துக்கிட்டே இருக்கணும். நீ இல்லேன்னா என்னைப் பாத்துப்பார். எனக்கு வேணாம்பா," என்றாள்.

அந்த அண்ணிக்குப் பல்வலி வந்ததில்தான் கதை திரும்பியது. அண்ணனுக்குக் கடையில் சரக்கு சரிபார்க்கும் நாள், விடுப்புக் கிடைக்கவில்லை. ஆயிரம் எச்சரிக்கைகளோடு இரண்டு பெண்களையும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தார். அண்ணியை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். பாப்பா வாசலுக்குப் பக்கத்தில், வேறென்ன, ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

வாசலில் ஒரு பெண் காவலாளி நின்றுகொண்டிருந்தாள். நீலச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, இடுப்பில் அகலமான பெல்ட், கழுத்தில் தொங்கும் ஓர் அட்டை. வருகிற பெண்களின் பையைத் திறக்கச் சொல்லிப் பார்த்து, இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று கையைக் காட்டிக்கொண்டிருந்தாள். பெரிய அழகி இல்லை, வயதும் ஐம்பதுக்குப் பக்கத்தில். ஆனால் பாப்பா கண்ணை எடுக்கவில்லை. அந்தப் பெண் நின்றுகொண்டே இருந்தாள். யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை. அவள் பின்னால் ஒரு நாற்காலிகூடக் கிடையாது.

பாப்பா எழுந்து போய், கால் வலிக்காதா என்று கேட்டாள். வலிக்கும், அதுக்குத்தானே சம்பளம் என்றாள் அந்தப் பெண். பேச்சு வளர்ந்தது. பெண்களைச் சோதிக்கப் பெண்கள்தான் வேண்டும், ஆள் போதவில்லை, லைசென்ஸ் இருந்தால் நாளைக்கே எடுத்துக்கொள்வார்கள், வேண்டியவர்களுக்குத் தங்க அறைகூட உண்டு என்றாள். லைசென்ஸ் வாங்க ஒரு பயிற்சி வகுப்பு, டாக்டரின் உடல்தகுதிச் சான்று, ஒரு பரீட்சை, கடைசியாகக் காவல் நிலையத்திலிருந்து வீட்டுக்கு வந்து ஒரு விசாரணை. வீட்டுக்காரர்கள் நல்லபடியாகச் சொன்னால் அட்டை வந்துவிடும். அறைக்குத் தாழ்ப்பாள் உண்டா என்று பாப்பா கேட்டாள். அந்தப் பெண் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, உண்டு என்றாள்.

வீங்கின கன்னத்தோடு வெளியே வந்த அண்ணியிடம் பாப்பா அங்கேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அண்ணிக்கு வாயில் பஞ்சு. பதில் பேச முடியவில்லை. வீட்டுக்குப் போய்ப் பஞ்சை எடுத்த பிறகுதான் பேசினாள்.

"நீ போயிட்டா அடுத்தது நான்தான். அது தெரியுது," என்றாள். "ஆனா உன் கச்சேரிய இனிமேலும் என்னால கேக்க முடியாது. போ."

பயிற்சி மையம் கடைத்தெருவில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இருந்தது. முதல் மாடியில் ஒரு தையல் வகுப்பு. அண்ணனிடம் தையல் வகுப்பு என்று சொன்னார்கள். உட்கார்ந்து செய்கிற வேலைதானே என்று அவர் மனதாரச் சம்மதித்தார். காலையில் அவர் கடைக்குப் போன பிறகு, அண்ணி அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு மத்தியானம் அழைத்துவருவாள். அண்ணன் ஆசையாகக் கேட்பாரே என்று வாரத்துக்கு ஒரு சின்னத் துணியை அண்ணியே தைத்துக் கொடுப்பாள். பொத்தான் துளை அற்புதமாக வந்திருக்கிறது என்று அண்ணன் அதைக் கடைக்கு எடுத்துப்போய் எல்லோருக்கும் காட்டினார். ஒரு பொய்யைத் தாங்க இன்னொரு பொய் வந்து முட்டுக் கொடுத்தது. ஆனாலும் பாப்பா போவதை நிறுத்தவில்லை.

வகுப்பில் பெரும்பாலும் வேலை போன ஆண்கள். ஒரு முன்னாள் பேருந்து நடத்துநர், இரண்டு பட்டறைக்காரர்கள், ஊர் சுற்றிச் சலித்த ஒரு விற்பனைப் பிரதிநிதி. பயிற்சியாளர் பட்டாளத்தில் இருந்து வந்தவர்; தொப்பை இப்போது அவருக்கு ஒரு அடி முன்னால் வந்து சல்யூட் அடிக்கும். நிறுத்து, கேள், எழுது என்பார் நாள் முழுதும். தீயணைப்பானின் ஊசியை எப்படி உருவுவது, நெருப்பின் தலையை விட்டுவிட்டு அடியைக் குறிவைப்பது எப்படி, பையைத் திறக்க மாட்டேன் என்கிறவரிடம் குரலை உயர்த்தாமல் எப்படி மூன்று முறை கேட்பது என்று சொல்லிக் கொடுத்தார். மூச்சுப் பிடித்து ஓடச் சொன்னார். முதல் நாள் ஓடியபோது, இந்தக் கால்கள் தன்னுடையவைதானா என்று பாப்பாவுக்குச் சந்தேகமாக இருந்தது. மூன்றாவது வாரம் அவள் நடத்துநரை முந்தினாள்.

பிறகு முதலுதவிப் பாடம் வந்தது. கூட்டத்தில் யாராவது மயங்கி விழுந்தால் என்ன செய்வது என்று காட்ட, பயிற்சியாளருக்கு மயங்கி விழ ஓர் ஆள் வேண்டியிருந்தது. ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். அவர் பாப்பாவைக் கூப்பிட்டார். பாப்பா எழுந்து வந்தாள். கண்ணைப் பாதி மேலே சொருகி, முழங்காலைத் தளர்த்தி, ஓரமாகக் கிடந்த பெஞ்சின் மேல் மடங்கிச் சரிந்தாள். வகுப்பே எழுந்துவிட்டது. நடத்துநர் தண்ணீருக்கு ஓடினார். பயிற்சியாளரே பதறிப்போய் அவள் நாடியைப் பிடித்தார். அவள் கண்ணைத் திறந்ததும் கைதட்டல் அடங்க நேரமானது.

"பிரமாதம்மா. ஆனா ஒரு தப்பு," என்றார் அவர். "நெஜமா மயங்கறவன் இடம் பார்த்து விழ மாட்டான்."

எல்லோரும் சிரித்தார்கள். பாப்பாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூடத் தான் தரையில் விழுந்ததில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. எப்போதும் சோபா, மெத்தை, நாற்காலி. அண்ணி முதல் நாளே எப்படிக் கண்டுபிடித்தாள் என்று புரிந்துவிட்டது. புரியாமல் போனது, மருந்துக்கடையிலேயே தலை நரைத்த அண்ணன் ஏன் கண்டுபிடிக்கவில்லை என்பதுதான். அன்பு ஒரு மனிதனை இவ்வளவு முட்டாளாக்கும் என்றால் அந்த அன்பின் முன்னால் நிற்கவே வெட்கமாக இருந்தது அவளுக்கு.

உடல்தகுதிச் சான்றுக்குப் போன இடத்தில் டாக்டர் நிமிர்ந்து பார்க்காமலே கேள்விகளை அடுக்கினார். சர்க்கரை, ரத்த அழுத்தம், வலிப்பு, மயக்கம். இல்லை, இல்லை, இல்லை என்று வந்தவள் மயக்கத்தில் தடுமாறினாள். இல்லை என்று சொல்லும்போது நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. எவ்வளவோ காலத்துக்குப் பிறகு சொன்ன உண்மை, வாய்க்கு அது பொய் மாதிரி இருந்தது. டாக்டர் தகுதியுண்டு என்று எழுதி முத்திரை குத்தினார்.

பரீட்சையிலும் தேறிவிட்டாள். மிச்சம் இருந்தது வீட்டு விசாரணை ஒன்றுதான். வேலை நாளில், அண்ணன் இல்லாத நேரத்தில் காவலர் வந்துவிட்டால் அண்ணியே இரண்டு வார்த்தை சொல்லி அனுப்பிவிடுவாள். அட்டை கைக்கு வந்துவிட்டால், வேலையும் அறையும் உறுதியான பிறகு, அண்ணனிடம் எப்படியாவது பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம். அப்படித்தான் இரண்டு பேரும் திட்டம் போட்டிருந்தார்கள். பாப்பா தினமும் காலையில் பால்கனியில் நின்று, தெருவில் காக்கி நிறம் தெரிகிறதா என்று பார்ப்பாள். "உக்காந்து பாரேன் பாப்பா," என்பார் கடைக்குக் கிளம்பும் அண்ணன், நாற்காலியைத் தள்ளிக் கொடுத்தபடி.

காவலர் ஞாயிற்றுக்கிழமை வந்தார்.

மூன்று மாடி ஏறிய மூச்சிரைப்போடு ஒரு கனத்த மனிதர், கக்கத்தில் கோப்பு. கதவைத் திறந்தது அண்ணன்தான். ஸ்டூலின் ஆடும் காலுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தவர், சுத்தியலும் கையுமாகப் போய்த் திறந்தார். சமையலறையில் பாப்பாவும் அண்ணியும் அப்படியே நின்றுவிட்டார்கள். செக்யூரிட்டி லைசென்ஸுக்கு இந்த முகவரியிலிருந்து விண்ணப்பம் வந்திருக்கிறது, விசாரிக்க வந்திருக்கிறேன் என்று காவலர் சொல்வது கேட்டது. பிறகு அவர் பாப்பாவின் முழுப்பெயரைப் படித்தார்.

அண்ணன் சிரித்தார். நல்ல மனதோடு, விருந்தாளியைச் சமாதானப்படுத்துகிற மாதிரி சிரித்தார். பேரில் ஏதோ குழப்பம் நடந்திருக்கிறது, தங்கை தையல் கற்றுக்கொள்கிறாள், அவளாவது வாசலில் நின்று காவல் காக்கிறதாவது என்றார். காவலர் கோப்பிலிருந்த புகைப்படத்தைத் திருப்பிக் காட்டினார். நீலச் சட்டை போட்டு, முடியை இழுத்துக் கட்டி, நேராகப் பார்க்கிற தங்கையை அண்ணன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் முகத்தில் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. யாரோ விவரம் தெரியாத பெண்ணை ஏமாற்றிக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள் என்று நினைத்துவிட்டார்.

"சார், இவளுக்கு மயக்கம் வரும். பல வருஷமா இருக்கு," என்றார். "நின்னா விழுந்துடுவா. தயவுசெஞ்சு இதை ரத்து பண்ணிடுங்க."

அதோடு விட்டாரா. காவலரின் கையைப் பிடித்து அழைத்துப்போய் ஒவ்வொரு நாற்காலியாகக் காட்டினார். குளியலறைக் கதவில், தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நான்கு ஆணி ஓட்டைகள் இருந்தன. அதையும் விரலால் தொட்டுக் காட்டினார். சத்து மருந்தின் பெயரைச் சொன்னார். தோள்பையைத் திறந்து தண்ணீர்ப் புட்டியையும் சர்க்கரைப் பொட்டலத்தையும் எடுத்து மேசை மேல் வைத்தார். எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் காவலர் பெருமூச்சோடு கோப்பை மூடத் தொடங்கினார். அவருக்கு இன்னும் எத்தனையோ மாடி ஏற வேண்டியிருந்தது.

பாப்பா வெளியே வந்தாள். அண்ணி அவள் கையைப் பிடிக்கவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. கோப்பு மூடினால் எல்லாம் மூடிவிடும். நோயாளி என்று ஒரு முறை எழுதிவிட்டால் பிறகு எந்த வாசலிலும் அவளை நிற்க விட மாட்டார்கள். அது ஒரு பக்கம். மறுபக்கம், சுத்தியலைக் கீழே வைக்க மறந்து கையிலேயே பிடித்துக்கொண்டிருக்கும் அண்ணன்.

"எனக்கு மயக்கம் எதுவும் இல்ல சார்," என்றாள். குரல் வகுப்பில் சொல்லிக் கொடுத்த மாதிரியே உயராமல் வந்தது.

காவலர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். டாக்டர் சான்று ஒன்று சொல்கிறது, வீட்டுக்காரர் ஒன்று சொல்கிறார், இதில் யார் பொய் என்று கேட்டார். அண்ணன் அவசரமாக ஒரு நாற்காலியை இழுத்துத் தங்கைக்குப் பின்னால் போட்டார். அவள் உட்காரவில்லை.

"அண்ணன் பொய் சொல்லல. அவருக்குத் தெரியாது," என்றாள். "நான்தான் நடிச்சேன். ஆரம்பத்துல இருந்தே."

நாற்காலியின் முதுகைப் பிடித்திருந்த அண்ணனின் கை அப்படியே இருந்தது. அவர் தங்கையைப் பார்க்கவில்லை. மெதுவாகத் திரும்பிச் சமையலறை வாசலைப் பார்த்தார். அண்ணி அங்கே நின்றுகொண்டிருந்தாள். எதுவும் கேட்காமலே அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் குனிவில் அவருக்கு மிச்சமும் தெரிந்துவிட்டது. தையல் துணிகூட யார் தைத்தது என்று தெரிந்திருக்கும். இந்த வீட்டில் தெரியாதவர் அவர் ஒருவர்தான். மாடிப்படியில் பக்கவாட்டில் இறங்கியது, குளியலறைக்கு வெளியே பாட்டைக் கேட்டுக்கொண்டு நின்றது, போகாமல் விட்ட ஊர் எல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் அவர் முகத்தில் ஒவ்வொன்றாக வந்து போவதைப் பாப்பா பார்த்தாள். பார்க்காமல் இருக்க முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இப்போது நிஜமாகவே மயங்கி விழ மாட்டோமா என்று ஏங்கினாள். கால்கள் கல் மாதிரி நின்றன.

காவலர் தொண்டையைச் செருமினார். கெட்ட மனிதர் இல்லை அவர். இந்த மாதிரி வீட்டுக் கதைகளில் மாட்டிக்கொள்வது அவருக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். மயக்கம் இல்லை என்றால் அந்தக் கட்டம் சரி. ஆனால் அடுத்த கட்டம் நடத்தை. காலம் காலமாக வீட்டாரையே ஏமாற்றினேன் என்று விண்ணப்பதாரரே வாயால் சொல்லும்போது தான் என்ன எழுதுவது என்று கேட்டார். பாப்பா மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். மயக்கம் உண்டு என்றால் நோயாளி. இல்லை என்றால் பொய்க்காரி. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். அதை எழுப்பியதும் அவள்தான், ஒவ்வொரு செங்கல்லாக.

காவலர் பேனாவை அண்ணன் பக்கம் திருப்பினார்.

"வீட்டுக்குப் பெரியவர் நீங்க. நீங்க சொல்றதத்தான் எழுதப் போறேன்," என்றார். "ஆஸ்பத்திரி வாசல்ல நிக்க வைக்கப் போறாங்க. இவங்கள நம்பலாமா?"

அண்ணன் சுத்தியலை மேசை மேல், தண்ணீர்ப் புட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். ஓசை வராமல் வைத்தார். இல்லை என்று சொல்ல அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது. ஒரு தலையசைப்புப் போதும். தங்கை காலம் முழுக்க இந்த வீட்டிலேயே, அவர் கண்ணெதிரிலேயே இருந்துவிடுவாள். சொல்லட்டும், சொன்னால் அது நியாயம்தான் என்று பாப்பா நினைத்தாள். அப்படிச் சொல்லிவிட்டால் கொஞ்சமாவது கடன் தீரும் என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

"நம்பலாம் சார்," என்றார் அண்ணன். "இத்தனை வருஷமா நான் நம்பினேனே."

காவலர் முதல் வார்த்தையை மட்டும் எழுதிக்கொண்டு, கையெழுத்துக்குத் தாளை நீட்டினார். அண்ணன் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, முழுதும் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ஒரு மாதத்தில் அட்டை தபாலில் வரும் என்று சொல்லிவிட்டுக் காவலர் கிளம்பினார். அவர் படியிறங்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்த வரைக்கும் அண்ணன் தங்கை பக்கம் திரும்பவில்லை. சத்தம் நின்ற பிறகும் திரும்பவில்லை.